699 ரூபாய் பல்பு கேமரா: கானாடுகாத்தான் வீட்டில் 11 நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்காதீர்கள். பல்பு மாதிரி ஹோல்டரில் மாட்டுகிற, 360 டிகிரி சுற்றுகிற, 4கே, இரவிலும் கலர், 128 ஜிபி கார்டு இலவசம் என்று கைப்பேசியில் திரும்பத் திரும்ப வருகிறதே, அந்த 699 ரூபாய் கேமராவைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு பக்கத்தில் ஒவ்வொரு பெயர் போட்டிருப்பார்கள், படம் ஒன்றுதான். நான் வாங்கி, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஆத்தா, அதாவது என் அம்மா, இருக்கிற வீட்டில் 11 நாள் மாட்டி வைத்திருந்து, கழற்றிவிட்டேன்.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று போய்விட்டோம், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வீடு நிறைகிறது. மற்ற நாளெல்லாம் ஆத்தா மட்டும், காலையில் வந்து போகிற ஒரு அம்மா துணைக்கு. தேக்குத் தூண், வெண்கலப் பாத்திரம், பழைய படங்கள் என்று திருடுகிறவன் கண்ணில் படக்கூடிய பொருள் எல்லா வீட்டிலும் ஏதோ கொஞ்சம் இருக்கிறது. பக்கத்து ஊரில் பூட்டிய வீட்டைத் திறந்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வந்தால் போதும், அன்று இரவு எங்களில் யாருக்கும் தூக்கம் வராது. அந்த மாதிரி ஓர் இரவில்தான் விளம்பரத்தை அழுத்தினேன்.

4,999 ரூபாய்ப் பொருள் 699க்கு, கிடங்கைக் காலி செய்கிறோம், இன்னும் 2 மணி நேரம்தான் என்று சிவப்பில் ஒரு கடிகாரம் ஓடியது. மறுநாள் காலையில் அதே பக்கத்தைத் திறந்தால் கடிகாரம் மறுபடி 2 மணி நேரத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் பக்கத்தின் அடிப்பகுதிவரை போய்ப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஒரு மின்னஞ்சல் மட்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி இணையத்தில் விற்கிறவர் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலரின் பெயர், இறக்குமதிப் பொருள் என்றால் எந்த நாட்டுப் பொருள் என்பது எல்லாம் காட்டியாக வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. ஆர்டர் போடுவதற்கு முன்பு பார்க்க வேண்டியதை நான் போட்ட பிறகு பார்த்தேன். கேஷ் ஆன் டெலிவரிதானே, பொருள் வந்தால்தானே பணம் என்ற தைரியம்.

அந்தத் தைரியம் தப்பு. ஆறாம் நாள் மதியம் கூரியர் தம்பி வந்தார், ஆத்தா பிரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்குப் பணம் கொடுத்த பிறகுதான் பிரிக்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு விதி அதுதான். பணம் கைமாறியதும் கூரியருக்கும் அந்தப் பொருளுக்கும் சம்பந்தம் முடிந்தது. பெட்டியில் விலை அச்சிடவில்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, மாதம் வருடம் இல்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பதுகூட இதில் இல்லை.

மாட்டுவதற்கே பாடு. நம் வீடுகளில் இருப்பது பின் ஹோல்டர், இது மரை வைத்த அடிப்பகுதி. கூடவே ஒரு மாற்றி கொடுத்திருந்தார்கள், அது ஹோல்டரில் ஆடிக்கொண்டே இருந்தது. முகப்பில் மாட்டினால் வைஃபை எட்டவில்லை. ரவுட்டர் உள்ளே பட்டாலைக் கூடத்தில் இருக்கிறது, நடுவில் ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர். விளம்பரத்தில் காட்டுகிற வீட்டில் இப்படிச் சுவர் ஏது? வேறு வழியில்லாமல் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், இருக்கிற ஹோல்டருக்கு மாற்றினேன். வாசலில் வருகிறவனைப் பார்க்க வாங்கிய கேமரா, நாள் முழுக்க ஆத்தாவைப் பார்க்கத் தொடங்கியது இப்படித்தான்.

ஆத்தா வளவில்தான் வடகம் காயப்போடும், தலை துவட்டும், மதியம் பாயைப் போட்டுப் படுக்கும். ஆள் நடக்கிற பக்கமெல்லாம் கேமரா கழுத்தைத் திருப்பும். மூன்றாம் நாள் போனில், "என்ன தம்பி, நான் போற பக்கமெல்லாம் பார்த்துக்கிட்டே இருக்கு" என்றது. பாதுகாப்புக்குத்தான் ஆத்தா என்றேன். அன்று சாயங்காலம் படத்தைத் திறந்தால் ஒரே இருட்டு, மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தது. அந்தத் துண்டை எடுக்கச் சொன்னது நான்தான். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

படத்தின் தரம் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. 4கே கிடையாது, சாதாரணப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியது. பகலில் முகம் தெரியும், இரவில் வெளுத்துப்போன உருவம்.

இனி ஆப். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கையேட்டில் இருந்த கியூஆர் குறி பிளே ஸ்டோருக்குப் போகவில்லை, ஒரு தளத்திலிருந்து ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பை நிறுவுகிற கோப்பை, நேராக இறக்கச் சொன்னது. நிறுவியதும் தொடர்பு எண்கள், இருக்குமிடம், எஸ்எம்எஸ் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. கேமரா பார்க்கிற ஆப்புக்கு என் எஸ்எம்எஸ் எதற்கு? வங்கி அனுப்புகிற ஓடிபி அதில்தானே வருகிறது. நல்லவேளை, சிம் இல்லாத பழைய போனில் போட்டிருந்தேன்.

எட்டாம் நாள் கடவுச்சொல்லை மாற்றலாம் என்று தேடினேன். ஆப்பில் அதற்கு இடமே இல்லை. கையேட்டில் போட்டிருந்த 888888தான் நிரந்தரம். சந்தேகம் வந்து, அலுவலகத்தில் ஒரு நண்பரின் பழைய போனில் அதே ஆப்பைப் போட்டு, கேமராவின் அடியில் ஒட்டியிருந்த எண்ணையும் 888888ஐயும் கொடுத்தோம். பத்து விநாடி சுற்றியது. பிறகு எங்கள் வளவு வந்தது. ஆத்தா தூணில் சாய்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. தாம்பாளத்தில் கீரையும் பக்கத்தில் செம்பும்கூடத் தெளிவாகத் தெரிந்தன. என் போனுக்கு ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. புதிதாக ஒரு ஆள் பார்க்கிறார் என்று எங்கேயும் காட்டவில்லை. நண்பர் ஒன்றும் பேசாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

கேமரா வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளியே எங்கோ இருக்கிற சர்வரோடு எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும். எண்ணையும் கடவுச்சொல்லையும் யார் கொடுத்தாலும் அந்த சர்வர் இணைத்துவிடும். எண் ஒரு வரிசைப்படி இருந்துவிட்டால் ஊகிப்பது கஷ்டமில்லை. 2019இல் பால் மராப்பீஸ் என்ற ஆய்வாளர் இந்த மாதிரி இணைப்பு முறை ஒன்றில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னபோது, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் அதில் சிக்கியிருந்தன. அதற்கும் முன்பு 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் பரவியதும் இப்படித்தான். ஆலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் அறுபது சொச்சம் ஜோடியை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமரா, ரவுட்டர்களைப் பிடித்தது. அந்த அக்டோபர் 21ஆம் தேதி அந்தக் கருவிகளையெல்லாம் ஏவி, இணையதளப் பெயரை வைத்து அது இருக்கிற முகவரியைக் காட்டித் தருகிற டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவையே தடுமாறின. அந்தக் கேமராக்களுக்குச் சொந்தக்காரர்களில் பலருக்கு எதுவும் தெரிந்திருக்காது, படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இலவசக் கார்டையும் கழற்றிப் பார்த்தேன். 128 ஜிபி என்று காட்டுகிற கார்டை, முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கிற எஃப்3 என்ற இலவச மென்பொருளில் போட்டால், உண்மையில் 8 ஜிபி கூட முழுதாக இல்லை. கார்டுக்குள் இருக்கிற சிப்பைப் பொய் சொல்லும்படி அமைத்துவிடுகிறார்கள். போனும் கணினியும் அதை நம்பி எழுதிக்கொண்டே போகும். இருக்கிற இடம் தீர்ந்ததும் புதியது எங்கும் தங்காது, அல்லது பழையதன்மேல் விழும். கோப்பின் பெயர், தேதி, அளவு எல்லாம் வரிசையாக இருந்தது, இரண்டாம் நாளுக்குப் பிறகு ஒரு கோப்பும் திறக்கவில்லை. திருட்டு நடந்து போலீஸ் பதிவைக் கேட்டிருந்தால் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது. பாதி விலைக்கு வருகிற 2 டிபி பென் டிரைவிலும் இதே வேலைதான் நடக்கிறது, கல்யாணப் படங்களை அதில் போட்டுவைத்தவர்கள் இன்றைக்கே ஒன்றிரண்டைத் திறந்து பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் எனக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஆத்தாவுக்குப் போன் வந்தது, நல்ல தமிழில். ரீஃபண்ட் தருகிறோம் அம்மா, ஒரு ஆப்பை இறக்குங்கள், திரையைக் காட்டுங்கள், யுபிஐ பின் போடுங்கள் என்று. பெயர், முகவரி, போன் எண், என்ன வாங்கினோம், எத்தனை ரூபாய் எல்லாம் சரியாகச் சொன்னார்களாம். எனக்கு இதில்தான் விஷயமே புரிந்தது. 699 ரூபாய் அவர்களுக்கு முன்பணம் மாதிரி, தனியாக இருக்கிற வயதானவரின் முகவரியும் எண்ணும்தான் அசல் வரவு. ஆத்தா, "மகன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டது. பணம் நமக்கு வர வேண்டுமென்றால் யுபிஐ பின் எண்ணைப் போடவே வேண்டாம், பின் எண்ணைப் போட்டால் அது போகிற பணம். இதை மட்டுமாவது வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டது என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும், சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு. என் மாதிரிப் பொருள் விவகாரத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை.

கேமரா மட்டும்தான் இப்படி என்றில்லை. தெருவில் ஓர் அண்ணன் எல்லாச் சேனலும் இலவசம் என்று 1,800 ரூபாய்க்கு ஒரு டிவி பெட்டி வாங்கியிருக்கிறார், பெயரில்லாத பெட்டி. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இந்த மாதிரிப் பெட்டிகளைப் பற்றியே எச்சரிக்கை விட்டது. பேட்பாக்ஸ் 2.0 என்று பெயர், சிலவற்றில் விற்பதற்கு முன்பே நச்சுநிரல் ஏற்றியிருக்கிறது. அடுத்த மாதம் கூகுள் தொடர்ந்த வழக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் என்று சொல்லியிருந்தது. நம் வீட்டு இணைய இணைப்பை நமக்கே தெரியாமல் வேறு யாருக்கோ வாடகைக்கு விடுகிற வேலை அது. அவன் செய்கிற காரியத்துக்கு நம் வீட்டு இணைப்பின் முகவரி பதிவாகும். அண்ணனிடம் சொன்னேன், நன்றாகத்தானே ஓடுகிறது என்கிறார். நன்றாக ஓடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, பதிலுக்கு என்ன வாங்கினேன்? காரைக்குடியில் ஒரு கடைக்கு நேரில் போய், ஜிஎஸ்டி பில்லோடு, இரண்டு வருட வாரண்டியோடு ஒரு கேமரா, கார்டு தனியாக, எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய். கடைக்காரரே பெட்டியைத் திருப்பி பிஐஎஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணையும் காட்டினார். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது, என்ன பொருளுக்கு என்று வந்துவிடும், நான் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் சிசிடிவி கேமராவுக்கு அந்தப் பதிவு கிடைக்க, பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும் என்று விதி இருக்கிறது. புதியதை ஆன் செய்ததும் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது, மாற்றாமல் படம் காட்டவில்லை. பழைய கார்டு போலத்தான் புதிய கார்டையும் எஃப்3இல் சோதித்தேன், சொன்ன அளவு இருந்தது.

வைஃபையை நம்பாமல் வயர் இழுத்து முகப்பில் மாட்டியிருக்கிறோம், தெருவும் வாசற்படியும் மட்டும் தெரிகிற மாதிரி. வளவில் கேமரா வேண்டாம் என்று ஆத்தா சொல்லிவிட்டது, நானும் வற்புறுத்தவில்லை.

அதே 699 ரூபாய் கேமரா உங்கள் வீட்டிலும் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். ஆப்பை நீக்குங்கள், ரவுட்டரின் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள், அந்தக் கேமராவுக்கு அது தெரியும். அந்த ஆப் இருந்த போனில் வங்கி ஆப்பும் இருந்தால், வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லையும் யுபிஐ பின்னையும் மாற்றிவிட்டு, இந்தப் போனை ஒருமுறை முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள். பெட்டியையும் கூரியர் ஒட்டிய சீட்டையும் மட்டும் தூக்கிப் போடாதீர்கள், புகார் கொடுக்கும்போது அவைதான் கேட்பார்கள்.