அவசர மருத்துவமனைக்கு இடம் தேட க்யூஜிஐஎஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கொள்ளைநோய்க் காலத்தில் புது மருத்துவமனைக்கு இடம் கேட்பவர்கள் நாள்கணக்கில்தான் அவகாசம் தருவார்கள். மென்பொருள் லைசென்ஸ் வாங்கக் காத்திருக்க முடியாது. அதற்கு க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் தாராளமாகப் போதும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் சாலைகளும் வேர்ல்ட்பாப்பின் 100 மீட்டர் மக்கள்தொகைக் கட்டங்களும்கூடக் காசில்லாமல் கிடைக்கின்றன.

முதலில் எல்லா லேயரையும் (தரவு அடுக்கு) அந்தப் பகுதிக்கான, மீட்டரில் அளக்கும் யூடிஎம் புரொஜெக்‌ஷனுக்கு மாற்றிவிடுங்கள். உயரத் தரவை டிகிரியிலேயே விட்டுச் சரிவு கணக்கிட்டால், சமவெளிகூட 90 டிகிரிக்குப் பக்கத்தில் சுவர்போல் நிற்கும். இது பார்த்ததுமே தெரிந்துவிடும்.

எண்களை மதிப்பெண்ணாக மாற்றும் 'ரீகிளாசிஃபை பை டேபிள்' கருவி செய்யும் பிழை லேசில் தெரியாது. சாலைக்கு 0–500 மீட்டர் என்றால் 5 மதிப்பெண் என்று கொடுக்கிறீர்கள். அதன் இயல்பான எல்லை விதி, கீழ் எண்ணைச் சேர்க்காது. தூரம் சரியாக 0 ஆன பிக்சல் எந்த வகுப்பிலும் விழாமல் 0 மதிப்பெண்ணோடு நிற்கும். சாலையை ஒட்டிய நிலம் கடைசிக்குப் போகும். கீழ் எல்லையை -1 ஆக்கினால் சரியாகிவிடும்.

ஓரிடத்திலிருந்து எதுவரை போய்ச்சேரலாம் என்று காட்டும் 'சர்வீஸ் ஏரியா' கருவியில் 'ஃபாஸ்டஸ்ட்' தேர்ந்தெடுத்தால் அலகு மணி. 30 நிமிட ஆம்புலன்ஸ் எல்லைக்கு 0.5 போட வேண்டும். 30 போட்டால் வரைபடம் முழுக்கத் தேர்வாகிவிடும். வேகம் குறிக்காத சாலைக்கு மணிக்கு 50 கிமீ என்று அதுவே வைத்துக்கொள்ளும், முட்டுச்சந்துக்கும் அதே 50!

அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை நிர்ணயிக்கும் ஏஎச்பி முறை க்யூஜிஐஎஸ்ஸின் அடிப்படைக் கருவிகளில் இல்லை. 5 அளவுகோலுக்கு 10 ஒப்பீடுகள், எக்செல் போதும். ஒப்பீடுகளுக்குள் உள்ள முரண் விகிதம் 0.10-ஐத் தாண்டினால் ஒப்பீடுகளைத் திருத்துங்கள். ஆனால் மதிப்பெண்களை எடையோடு பெருக்கிக் கூட்டும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். வெள்ளம் தேங்கும் நிலம், சாலை பக்கம் என்பதாலேயே முதலிடம் பிடிக்கும். வெள்ளப் பகுதிக்கும் செங்குத்துச் சரிவுக்கும் தனி 0/1 லேயர் (ஆகாத இடம் 0, மற்றது 1) செய்து, ராஸ்டர் கால்குலேட்டரில் மொத்தத்தோடு பெருக்குங்கள்.

பழைய மருத்துவமனையை விட்டு விலகினால் கூடுதல் மதிப்பெண் என்பது சாதாரண நாள் கணக்கு. கொள்ளைநோயில் அதைத் தலைகீழாக்கலாம், செவிலியர் இருப்பது அங்கேதான். லண்டன் எக்ஸெல் கண்காட்சி அரங்கில் 2020 ஏப்ரலில் திறந்த நைட்டிங்கேல் மருத்துவமனை 4000 படுக்கை வரை திட்டமிடப்பட்டது. முதல் அலையில் சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர். மற்ற மருத்துவமனைகள் ஐசியூவைப் பெருக்கிக்கொண்டது ஒரு காரணம், செவிலியர் தட்டுப்பாடு இன்னொன்று. செவிலியருக்கு ஆயத்த லேயர் எங்கும் கிடைக்காது. இருக்கும் மருத்துவமனைப் புள்ளிகளில் பணியாளர் எண்ணிக்கையை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து, ஹீட்மேப் (அடர்த்தி வரைபடம்) கருவியில் அதையே எடையாகக் கொடுத்து நீங்களே செய்துகொள்ள வேண்டும்.