சந்தையில் வாங்கிய 5 பெட்டைக்கோழி: 12 உயிர் போன கதை

கோழி வளர்க்கிறவர்கள், குறிப்பாகச் சந்தையில் பெரிய கோழியாகவே வாங்குகிறவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

பொங்கல் முடிந்து வந்த வாரச்சந்தையில் 5 பெட்டைக்கோழி வாங்கினேன். ஒன்று 450 ரூபாய். "எல்லாம் விடைக்கோழிங்கம்மா, இன்னும் பத்து நாள்ல முட்டைக்கு வந்துரும். தடுப்பூசி போட்டாச்சு. கூண்டுல விடுங்க, ரெண்டே நாள்ல ஒட்டிக்கும்" என்றார் வியாபாரி. விடைக்கோழி என்றால் இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி. காலைக் கட்டிச் சாக்கில் போட்டுக் கொடுத்ததால் ஒன்றைக்கூட நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே 9 பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. இருட்டியதும் புதுசுகளையும் அதே கூண்டில் ஏற்றிவிட்டேன். இரவில் விட்டால் சண்டை குறையும் என்பது சரிதான். ஆனால் கொத்துச்சண்டையை நினைத்த நான் சீக்கை நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு புதுக்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயிலிருந்து கோழை. மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் என் கோழிகளுக்கும் வந்துவிட்டது. முட்டை நின்றது. சேவலுக்குக் கழுத்து திருகிக்கொண்டு, தீவனத்தைக் கொத்தப் போனால் தலை வேறு பக்கம் போனது. அதைப் பார்க்க முடியவில்லை. கால்நடை மருத்துவர் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் என்றார். இது வைரஸ் நோய், வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. 15 கோழியில் மிஞ்சியது 3. மற்றவற்றைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

செத்த புதுக்கோழிகளைப் பார்த்த என் மாமியார் இன்னொன்றும் சொன்னார். அவற்றில் இரண்டு, விடைக்கோழியே இல்லை. காலில் செதில் தடித்துச் சொரசொரவென்று இருந்தது, குதிமுள்ளும் நீண்டிருந்தது. முட்டையிட்டு ஓய்ந்த கிழக்கோழிகள்.

வியாபாரிக்கு போன் செய்தேன். "எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, தண்ணி மாறினதுல வந்திருக்கும்" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. தண்ணீர் மாறினால் ராணிக்கெட் வராது. ஊர் ஊராகச் சேர்த்த கோழிகளை ஒரே கூடையில் அடைத்தால் வரும். பிடித்த நோய் வெளியே தெரியச் சில நாள் ஆகும். பெரும்பாலும் ஐந்தாறு நாள், சில சமயம் இரண்டு வாரம் வரைக்கும்கூட. சந்தையில் துள்ளிய கோழி வீட்டில் விழுவது அதனால்தான். "ஊசி போட்டாச்சு" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். அன்றைக்கே போட்டிருந்தாலும் எதிர்ப்பு வர ஒன்றிரண்டு வாரம் வேண்டும்.

வாங்கினால் கட்டை அவிழ்த்து நடக்கவிடுங்கள். வாலைத் தூக்கி ஆசனவாயில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பழைய கோழிகளுக்கு எட்டாத இடத்தில் குறைந்தது மூன்று வாரம் தனியாக வையுங்கள். தீவனத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனி. முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகப் புதுசிடம் போங்கள், ஏனென்றால் சீக்கு நம் செருப்பிலேயே வரும். அந்த மூன்று வாரம் நல்லபடியாகப் போனால், வலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகச் சில நாள் பார்த்துப் பழகட்டும். அதன்பிறகு இரவில் கூண்டில் ஏற்றி, நான்கைந்து நாள் திறக்காமல் அங்கேயே தீனி வைத்தால்தான் அடைய அதே கூண்டுக்குத் திரும்பும்.

என் கோழிகளுக்கும் போன வருடம் ஊசி போடத் தவறிவிட்டேன். பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது, விட்டுவிடாதீர்கள்.

போன வாரம் சந்தைக்குப் போனேன். அதே ஆள், அதே இடம், அதே பேச்சு. நான்கு கோழி வாங்கிக் கிளம்பிய ஓர் அம்மாவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். "காசு குடுத்துட்டேனேம்மா" என்றார். பழைய கோழிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.