காண்டாமிருக வண்டுக்குப் புண்ணாக்குப் பானையா, லூர் வாளியா?

நாலு வயசுத் தென்னங்கன்றில் குருத்து விரிந்தபோது ஓலையெல்லாம் கத்தரியால் நறுக்கியதுபோல முக்கோணம் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தது. காண்டாமிருக வண்டு வேலை. அன்றிலிருந்து இரண்டு வருடமாக வண்டைப் பிடிக்கப் புண்ணாக்குப் பானை, லூர் என்கிற வாசனைப் பொட்டலம் வைத்த தண்ணீர் வாளி இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டோம், நான் இப்போது வாளிப் பக்கம்.

விளக்குப் பொறி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோடை மழையும் பருவமழையும் தொடங்கும் நாட்களில் வைக்கலாம், ஆனால் அதில் நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும்.

பானை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் ஊற்றி மரங்களுக்கு நடுவே வைத்தால் புளித்த வாடைக்கு வண்டு வந்து விழும். செலவு குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

லூர் வேறு வகை. வேடர்கள் பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைப்பார்களே, அந்தப் ‘பார்வை’ மாதிரிதான் இது. ஆண் வண்டு தன் கூட்டத்தைக் கூப்பிட விடுகிற வாசனையைச் செயற்கையாகச் செய்து சின்னப் பொட்டலத்தில் அடைத்திருப்பார்கள். கத்தரிக்காய்த் துளைப்பானுக்கு வைக்கும் லூரில் ஆண் அந்து மட்டுமே வரும், இதில் பெண் வண்டும் வரும், முட்டை வைக்கப்போகிறவளே மாட்டுகிறாள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சிவப்புக் கூன்வண்டுக்கு இது உதவாது, அதற்கு லூர் தனி.

சரி, விலை கூடுதலாக இருந்தும் ஏன் வாளி என்றால், பராமரிப்பு. சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் மூன்று நாளில் பாதி வற்றிவிடும், மேலே ஆடை மாதிரி கட்டிக்கொள்ளும், செத்த வண்டு ஊறிப்போய் நாற்றம் குடலைப் புரட்டும், அதைக் கொட்டிக் கழுவிப் புதுசாகக் கரைக்க ஒரு ஆள் வேண்டும், ஆள் வராத வாரம் பானை சும்மா கிடக்கும். ஆமணக்குப் புண்ணாக்கு விஷம் வேறு, ஆடும் நாயும் வாய் வைத்துவிடக்கூடாதே என்று ஒவ்வொரு ராத்திரியும் பயம். வாளியில் வாரம் ஒருமுறை வண்டை அள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும், பொட்டலம் மாதக்கணக்கில் தாங்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். முதலில் வாளியைக் கன்றுகளுக்கு நடுவிலேயே கட்டிவிட்டேன், வாசனைக்கு வந்த வண்டில் கொஞ்சம் வாளிக்குள் விழாமல் பக்கத்துக் குருத்தில் இறங்கிவிட்டது. இப்போது வேலி ஓரத்தில் கட்டியிருக்கிறோம். உயர்ந்து வளர்ந்த பழைய தோப்பில் எனக்கு அனுபவம் இல்லை, கன்றுத் தோப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

எந்தப் பொறி வைத்தாலும் குருத்து இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் வைப்பதை விடாதீர்கள். எருக்குழியையும் கிளறிப் புழுவைப் பொறுக்கி எடுங்கள், வண்டு பிறப்பதே அங்கேதான். பழைய பானைகளில் ஒன்றை அந்தக் குழி ஓரத்தில் கம்பி வலை சுற்றி வைத்திருக்கிறோம், அடுத்த லூர் கைக்கு வரும்வரை.