எத்திலீன் பாக்கெட்டோடு மூன்று சீசன்

காஷ்மீர் டெலிசியஸ் ஆப்பிள்தான் என் சரக்கு. அக்டோபரில் கோல்டு ரூமில் ஏற்றினால் பொங்கல் தாண்டியும் விற்பேன். மூன்று சீசனாக ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், பழத்தைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவை உறிஞ்சும் பாக்கெட் போட்டு வருகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இது.

பாக்கெட்டுக்குள் இருப்பவை பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய ஊதா மணிகள். பழம் விடும் எத்திலீன் வாயுவைச் சிதைத்துச் சிதைத்து, சத்து தீர்ந்ததும் பழுப்பாகிவிடும். முதல் வருடம் போட்டதோடு மறந்துவிட்டேன். டிசம்பரில் ஒன்றைக் கத்தரித்துக் கொட்டினால் அத்தனையும் காப்பித்தூள் நிறம்! இப்போது மாதம் ஒரு பாக்கெட்டை வெட்டிப் பார்த்துத்தான் மாற்றுகிறேன்.

பலன் உண்டா? இரண்டாம் வருடம் ஒரே லோடில் பாதிப் பெட்டிகளுக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். தோலைக் காசளவு சீவிவிட்டு, 11 மி.மீ. முனையுள்ள பெனட்ரோமீட்டரால் (பழத்தின் கெட்டியை அளக்கும் கருவி) சதையை அழுத்துவேன். 12 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் கடித்ததும் மாவுதான். டிசம்பர் வரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஜனவரியில்தான் பாக்கெட் போட்டவை கொஞ்சம் கெட்டியாக நின்றன. பலன் கொஞ்சமாக இருப்பதற்குக் காரணம், ஆப்பிள் தன் சதைக்குள்ளேயே எத்திலீனை உண்டாக்குகிறது. வெளியே கிடக்கும் பாக்கெட் அங்கே எட்டாது.

அதைவிடப் பெரிய வித்தியாசம், லாரி வந்த அன்றே உள்ளே போன பெட்டிக்கும் ஷெட்டில் இரண்டு நாள் கிடந்த பெட்டிக்கும்தான். வெக்கையில் கிடந்ததை எந்தப் பாக்கெட்டாலும் மீட்க முடியவில்லை.

அப்புறம் ஈரப்பதம். 0 முதல் 1 டிகிரி குளிர் இருந்தும் முதல் வருடம் காம்புப் பக்கம் தோல் சுருங்கியது. ஆப்பிளுக்கு 90 முதல் 95 சதவீத ஈரப்பதம் வேண்டும். என் அறையில் அது இல்லை. துளையிட்ட பாலித்தீன் உறையைப் பெட்டிக்குள் விரித்த பிறகு எடை குறைவது நன்றாகக் கட்டுப்பட்டது. உறையை இறுக்கிக் கட்டாதீர்கள், வியர்த்து அழுகும். ஃபேனுக்கு நேர் எதிரே பெட்டி அடுக்கினால் பழம் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1-எம்சிபி வாயு பற்றியும் கேட்கிறார்கள். பழத்துக்குள் எத்திலீன் ஒட்டும் இடத்தையே அது அடைத்துவிடும் என்பதால் இந்தப் பாக்கெட்டைவிட வலுவானது. ஆனால் பறித்த சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். அது தோட்டத்துப் பக்கமே நடக்க வேண்டிய வேலை. சென்னைக்கு லாரி வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

இந்த சீசனுக்கும் பாக்கெட் வாங்கியிருக்கிறேன். ஜனவரிக்கு நிறுத்தும் பெட்டிகளுக்கு மட்டும்.