பேண்டாக்: ஆவணங்களின் குறிமொழியை மாற்றும் கருவியை எதுவரை நம்பலாம்?

ஒரு மென்பொருளின் பயன்பாட்டுக் கையேடும் நிறுவல் குறிப்புகளும் ஆண்டுக்கணக்கில் ஒரே குறிமொழியில், அதாவது தலைப்பு, பட்டியல் போன்றவற்றை உரைக்குள்ளேயே குறிகளால் காட்டும் எழுத்துமுறையில், எழுதப்பட்டுச் சேர்ந்துவிட்ட பிறகு, அவற்றை முழுவதுமாக வேறொரு குறிமொழிக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் பல குழுக்களுக்கு வருகிறது. பைத்தான் மொழியின் ஆவணங்கள் 2007ஆம் ஆண்டில் லேட்டெக் என்ற குறிமொழியிலிருந்து ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற குறிமொழிக்கு மாறின. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலின் ஆவணங்கள் 2016இல் டாக்புக் என்ற குறிமொழியை விட்டு அதே வடிவத்துக்கு வரத் தொடங்கின. இத்தகைய வேலை என்றதும் பெரும்பாலோர் முதலில் எடுப்பது பேண்டாக் என்ற கட்டளைவரிக் கருவியைத்தான். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டில் எழுதி ஸ்பிங்க்ஸ் என்ற ஆவண உருவாக்கக் கருவி வழியாக வெளியிடப்பட்டுவந்த ஆவணத் தொகுப்புகளை மார்க்டவுன் என்ற எளிய குறிமொழிக்கு மாற்றும் பணியில் அதைத் தொடர்ந்து பயன்படுத்தியவன் என்ற முறையில், அதன் வலிமையையும் எல்லையையும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரு கோப்புக்குள் அடங்கும் எதையும் பேண்டாக் மிக நன்றாக மாற்றும். ஒரு கோப்புக்கும் இன்னொரு கோப்புக்கும் உள்ள உறவை அது அறியாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு திட்டமிடுபவருக்கு இதைவிடச் சிறந்த கருவி கிடைப்பது அரிது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மெய்யியல் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் ஹாஸ்கெல் மொழியில் எழுதி 2006இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு படிப்பான், ஒரு எழுதி, இரண்டுக்கும் நடுவே பொதுவானதோர் ஆவண மரம் என்பதே இதன் கட்டமைப்பு. படிப்பான் மூலக் கோப்பைத் தலைப்பு, பத்தி, பட்டியல், நிரல்பகுதி, அட்டவணை, இணைப்பு என்ற கிளைகளாகப் பிரித்து மரமாக்குகிறது. எழுதி அந்த மரத்தைப் புதிய குறிமொழியில் எழுதித் தருகிறது. இந்த நடு மரத்தில் இடமில்லாத எதுவும் மறுபக்கம் போய்ச் சேராது. கருவியின் கையேடே இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது: பேண்டாக்கின் மார்க்டவுனைவிட வளமான வடிவங்களிலிருந்து மாற்றும்போது இழப்பை எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. பயனரிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசும் கையேடுகள் குறைவு என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

உள்தள்ளப்பட்ட பட்டியல்களுக்குள் நிரல்பகுதிகள், அவற்றுக்குள் மீண்டும் பத்திகள் என்று பின்னிக்கிடக்கும் பக்கங்களைக் கூட அது பிசகின்றி மாற்றுகிறது. நிரல்பகுதியின் மொழிப்பெயர், அடிக்குறிப்புகள், படங்களின் மாற்று உரை, கோப்பின் கடைசியில் தொகுத்து எழுதப்பட்ட இணைய முகவரிகள் ஆகியவை உரிய இடத்தில் வந்து நிற்கின்றன. கைப்பட எழுதிய தேடு-மாற்றுக் கட்டளைகளால் இதே வேலையைச் செய்ய முனைந்தவர்களுக்கு, இதன் அருமை முதல் கோப்பிலேயே தெரிந்துவிடும்.

சிக்கல் தொடங்குவது குறுக்குக் குறிப்புகளில். ஸ்பிங்க்ஸில் 'ரெஃப்' என்ற ரோலை, அதாவது ஒரு சொல்லுக்குத் தனி வேலை தரும் குறியை, கொண்டு வேறொரு கோப்பிலுள்ள பகுதியைச் சுட்டலாம். தலைப்பு மாறினாலும் கோப்பு இடம் மாறினாலும் அந்தச் சுட்டு சரியான இடத்துக்கே போகும். பேண்டாக்குக்கு இந்த ரோல் தெரியாது. தெரியாத ரோலை அது தூக்கி எறிந்துவிடாமல், உள்ளே இருக்கும் சொல்லை வரிக்குள் வரும் நிரல் துணுக்காக்கி, ரோலின் பெயரை அதன் பண்பாக ஒட்டி வைக்கிறது. பேண்டாக்கின் சொந்த மார்க்டவுனில் எழுதச் சொன்னால் அந்தப் பண்பு நெளிவு அடைப்புக்குறிக்குள் வெளிப்படையாகத் தெரியும். கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தின் வகை மார்க்டவுனில் நேரடியாக எழுதச் சொன்னாலோ, அந்த வகையில் பண்புகளுக்கு இடமில்லாததால், சாதாரண நிரல் துணுக்கு மட்டுமே எஞ்சுகிறது. பக்கம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். ஆனால் "மேலும் விவரங்களுக்கு" என்ற சொற்களுக்குப் பிறகு சுட்டப்பட்ட பகுதிக்கு இட்டிருந்த சிட்டைப் பெயர் மட்டும் சொடுக்க முடியாதபடி நிற்கும். பெரிய தொகுப்பில் இப்படி எத்தனை சுட்டுகள் செத்துப்போயின என்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே முதல் கட்டத்தில் பேண்டாக்கின் சொந்த மார்க்டவுனுக்கு மட்டும் மாற்றி, எஞ்சியிருக்கும் ரோல்களைத் தேடிக் கணக்கெடுத்த பிறகே இறுதி வடிவத்துக்குப் போவது பாதுகாப்பானது.

இதே வகையைச் சேர்ந்தவைதான் ஸ்பிங்க்ஸின் அமைப்புக் கோப்பில் வரையறுக்கப்படும் பதிப்பு எண் போன்ற மாற்றுச் சொற்களும். அவை கோப்புக்குள் இல்லாததால் பேண்டாக் எச்சரிக்கை தந்துவிட்டு மேலே போகிறது. அந்த எச்சரிக்கைகளைத் தனிக் கோப்பில் சேமித்து ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். எச்சரிக்கையே இல்லாமல் நேரும் இழப்பும் ஒன்று உண்டு. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டில் எழுதப்பட்ட கருத்துரைகள், அதாவது வாசகருக்குக் காட்டாமல் பராமரிப்பாளர்கள் தங்களுக்குள் எழுதி வைத்த குறிப்புகள், மரத்தில் இடம்பெறுவதே இல்லை. இந்தப் பத்தியை ஏன் நீக்கக்கூடாது, இந்த எண் எங்கிருந்து வந்தது என்பன போன்ற செய்திகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாற்றத்துக்கு முன்பே அவற்றைத் தேடி எடுத்து வைக்காத குழு, வருங்காலப் பராமரிப்பாளருக்குப் பெரிய தீங்கைச் செய்கிறது.

எதிர்த்திசையில், மார்க்டவுனிலிருந்து போகும்போது, கவனிக்க வேண்டியது 'ஸ்மார்ட்' என்ற நீட்டிப்பு, அதாவது வேண்டியபடி இயக்கவும் நிறுத்தவும் கூடிய கூடுதல் வசதி. பேண்டாக்கின் மார்க்டவுனில் இது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. நேர் மேற்கோள்குறிகளை வளைந்தவையாகவும், அடுத்தடுத்த இரண்டு சிறுகோடுகளை ஒரே நீள்கோடாகவும் ஆக்குகிறது. கட்டுரைகளுக்கு இது அழகு. ஆனால் கட்டளைவரி விருப்பங்களை நிரல் குறிக்குள் வைக்காமல் வாக்கியத்தோடு எழுதிவிட்ட ஆவணத்தில், விருப்பத்தின் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு சிறுகோடுகளும் ஒன்றாகிவிடும். வாசகர் அதை நகலெடுத்து முனையத்தில் ஒட்டினால் கட்டளை பிழை காட்டும். காரணம் எளிதில் புலப்படாது. உள்ளீட்டு வடிவத்தின் பெயரோடு ஒரு கழித்தல் குறியிட்டு இந்த நீட்டிப்பை நிறுத்திவிடலாம். தொழில்நுட்ப ஆவணங்களுக்கு இதை எப்போதும் நிறுத்தியே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அட்டவணைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எளியவை நன்றாக மாறும். ஒரு கட்டத்துக்குள் பட்டியலோ பல பத்திகளோ இருந்தால் கிட்ஹப் வகையில் அவை எச்டிஎம்எல் அட்டவணையாக வெளிவரும். அப்படி வந்தவற்றை அட்டவணையாகவே வைத்திருக்க வேண்டுமா என்று யோசிக்கலாம், பலவும் உள்தலைப்புகளோடு கூடிய பத்திகளாக எழுதப்பட வேண்டியவையே.

பேண்டாக்கை வெறும் மாற்றுக் கருவி என்ற நிலையிலிருந்து உயர்த்துவது லுவா என்ற நிரல்மொழியில் நாமே எழுதும் வடிகட்டிகள். 2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து லுவா நிரலை இயக்கும் பகுதி கருவிக்குள்ளேயே இருக்கிறது. வேறெதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆவண மரம் எழுதியின் கைக்குப் போகும் முன் அதை நம் நிரல் திருத்தலாம். மேலே சொன்ன ரோல் பண்புள்ள துணுக்குகளைக் கண்டுபிடித்து, முன்கூட்டியே தயாரித்த சிட்டை அட்டவணையைப் பார்த்து உண்மையான இணைப்பாக மாற்றுவது, பழைய கோப்பு நீட்டிப்பில் முடியும் முகவரிகளைப் புதியதாக்குவது, எச்சரிக்கைப் பெட்டிகளைப் புதிய தளத்தின் தொடரியலில் எழுதுவது ஆகிய எல்லாம் சில வரிகளில் முடியும். உரையின் மீது தேடு-மாற்று செய்வதைவிட இது நம்பகமானது. நிரல்பகுதிக்குள் எடுத்துக்காட்டாக எழுதியிருக்கும் ஒரு முகவரியை வடிகட்டி தவறியும் தொடாது. கருவி அறியாத கோப்புகளுக்கிடையேயான உறவை நாம் கற்பிக்க வேண்டிய இடமும் இதுவே.

அன்றாட வேலையில் உறுத்தும் இரண்டு இயல்புநிலைகளையும் சொல்ல வேண்டும். வரிகளை 72 எழுத்து அகலத்துக்கு மடித்து எழுதுவது ஒன்று. கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் வைத்திருக்கும் ஆவணத்தில் மூல வரிப்பிரிப்பு போய்விட்டால் பழைய பதிப்போடு ஒப்பிடுவது பெரும்பாடாகிவிடும். 'ராப்' விருப்பத்துக்கு 'பிரிசர்வ்' என்ற மதிப்பைத் தந்தால் இருந்தது இருந்தபடியே வரும். மற்றொன்று, பல கோப்புகளை ஒன்றாகக் கொடுத்தால் அவற்றை ஒரே ஆவணமாக ஒட்டிவிடுவது. ஆகவே ஒவ்வொரு கோப்பாக அனுப்பும் சிறு சுழற்சிக் கட்டளை தேவைப்படும்.

பேண்டாக் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஸ்பிங்க்ஸை விடாமல் மார்க்டவுனில் மட்டும் எழுத விரும்புவோர், ரோல்களையும் கட்டளைகளையும் அப்படியே ஏற்கும் மிஸ்ட் என்ற மார்க்டவுன் வகைக்கும் அதற்கென்றே உள்ள மாற்றுக் கருவிக்கும் போகலாம். ஆஸ்கிடாக் என்ற குறிமொழியில் இருப்பவர்கள் ஆஸ்கிடாக்டர் என்ற கருவியைக் கொண்டு டாக்புக் ஆக்கி, அங்கிருந்து பேண்டாக்கிடம் கொடுப்பது பலகாலமாகப் பழகிய வழி. லினக்ஸ் கர்னல் குழுவினரும் டாக்புக் கோப்புகளை மாற்ற பேண்டாக்கையே பயன்படுத்தினார்கள். அதற்கு முன்னும் பின்னும் உரையைச் சீராக்கும் வரிகளைச் சேர்த்து ஒரு சிறு நிரலாக எழுதி வைத்திருந்தார்கள். நான் பரிந்துரைக்கும் முறையும் அதுவே. மாற்றத்தை ஒரே கட்டளையில் மீண்டும் மீண்டும் ஓட்டக்கூடிய நிரலாக வைத்துக்கொண்டு, மூலத்தையும் விளைவையும் பேண்டாக்கைக் கொண்டே வெற்று உரையாக்கி ஒப்பிட்டு, வேறுபாடு வரும் இடங்களில் வடிகட்டியைத் திருத்திவர வேண்டும். தலைப்புகளிலிருந்து தானாக உருவாகும் நங்கூரப் பெயர்கள், அதாவது பக்கத்தின் ஒரு பகுதிக்கு நேரே இட்டுச்செல்லும் பெயர்கள், பழைய தளத்தில் இருந்தவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் அதே ஓட்டத்தில் சரிபார்த்துவிட்டால், வெளியிலிருந்து நம் ஆவணங்களுக்கு இணைப்புக் கொடுத்திருப்போர் தேடிய பகுதிக்குப் பதிலாகப் பக்கத்தின் தொடக்கத்தில் போய் நிற்க நேராது.