பழ மிக்ஸ் பாக்கெட்டோடு முயல் விற்றால் வாங்காதீர்கள்

பாளையங்கோட்டையில் மீன்தொட்டியும் லவ் பேர்ட்ஸும் விற்கிற ஒரு கடையில், போன முழுப்பரீட்சை லீவில் மகளுக்காக ஒரு ஜோடி முயல்குட்டி வாங்கினேன். 900 ரூபாய். "ரெண்டு மாசக் குட்டி அண்ணாச்சி. பழம் போட்டாப் போதும். தண்ணி மட்டும் வச்சிராதிய, செத்துப்போகும்" என்றார் கடைக்காரர். 180 ரூபாய்க்கு ஒரு பழ மிக்ஸ் பாக்கெட்டையும் கையில் திணித்தார். உலர்திராட்சை, பேரீச்சைத் துண்டு, சிவப்பும் பச்சையுமாக டூட்டி ப்ரூட்டி. பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டுச் சாயம் ஏற்றி பன்னில் வைப்பார்களே, அதேதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

குட்டிகள் அள்ளி அள்ளித் தின்றன. மகள் தன் பங்குக்குக் கதலிப்பழமும் ஊட்டினாள். மூன்றாம் நாள் வெள்ளைக்குட்டி மூலையில் கூனிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. புழுக்கை கூழாகப் போனது, அப்புறம் அதுவும் நின்றுபோனது. பல்லை நறநறவென்று கடித்தது. சும்மா விளையாட்டுக்கு என்று நினைத்தோம். அது வலி. கடைக்குப் போன் போட்டால், "சூடு பிடிச்சிருக்கும்" என்று சொல்லி, பிள்ளைகளுக்கு ஊற்றுகிற அமாக்சிசிலின் சிரப்பில் 2 சொட்டு வாயில் விடச் சொன்னார். இரண்டு குட்டிக்கும் விட்டோம். இதை எழுதவே கை கூசுகிறது.

விடிந்ததும் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வண்ணாரப்பேட்டை தாண்டும்போதே வெள்ளையின் உயிர் அடங்கிவிட்டது. சாம்பல்குட்டியைத் தூக்கிப் பார்த்த டாக்டர், "பால்குடி மறக்காத குட்டிய யாரு சார் வித்தது?" என்று கேட்டார். ஒரு மாதம்தான் இருக்குமாம்.

முயலின் வயிற்றில் சீக்கம் என்று ஒரு பெரிய குடல்பை இருக்கிறது. தின்ற புல்லை அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அங்கே சர்க்கரை போய்ச் சேர்ந்தால் கெட்ட கிருமி பெருகி, வாயு கட்டி, குடல் அசைவே நின்றுவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் மிச்சமிருக்கிற நல்ல கிருமியும் செத்துப்போகும். தண்ணீர் கூடாது என்பது சுத்தப் புரட்டு, கிண்ணத்தில் எந்நேரமும் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் கிடந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

சாம்பல் பிழைத்துக்கொண்டது. நாள் முழுக்க அருகம்புல்லும் காய்ந்த புல்லும்தான் அதற்குச் சாப்பாடு. மூன்று மாதம் முடியும்வரை பழத்தைக் கண்ணில் காட்டவில்லை. இப்போது 2 கிலோ இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், விதை எடுத்த ஆப்பிளோ பப்பாளியோ கட்டைவிரல் நுனியளவு ஒரு துண்டு. வெண்ணெய்ப்பழம் (அவகேடோ) மட்டும் ஒரு துளிகூட ஆகாது, அது முயலுக்கு விஷம். குற்றால சீசனுக்குப் போய்வந்த சித்தப்பா ரம்புட்டானை உரித்துக்கொண்டு, "ஒண்ணுதானல, திங்கட்டும்" என்று கூண்டருகே போனார். வாங்கி நானே தின்றுவிட்டேன்.

கடைக்குப் போய்ப் பணத்தைக் கேட்டேன். பில் இல்லையாம், உயிருள்ள பொருளுக்குப் பில் போடுவதில்லையாம். "வேணும்னா இன்னொரு வெள்ளை எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார். கூண்டில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி நான்கு குட்டிகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மேலே கொக்கியில் அதே பாக்கெட் சரமாகத் தொங்கியது.