தூத்துக்குடில அப்பா கார் டக்கு டக்குன்னு மட்டும் அடிச்சப்போ

இந்த தடவ மூணு வாரம் லீவு கிடைச்சுது, டொராண்டோல இருந்து சென்னை வந்து அங்கேருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடிச்சு காலைல தூத்துக்குடில இறங்கியாச்சு. மறுநாளே அம்மாவ கூட்டிட்டு திருச்செந்தூர் போறதா பிளான், 40 கிலோமீட்டர்தான், நானே ஓட்டிட்டு போயிருவேன்னு சொல்லி வெச்சிருந்தேன். அம்மா விடிகாலைல குளிச்சு பூ எல்லாம் கட்டி ரெடியா நிக்காங்க, சாவிய திருப்புனா டக்கு டக்கு டக்குன்னு சத்தம் மட்டும்தான் வருது, இஞ்சின் ஒரு சுத்து கூட சுத்தல.

அப்பாவுக்கு 74 வயசு, வண்டிய அதிகம் எடுக்கறதில்ல, மாசத்துல நாலஞ்சு தடவ மார்க்கெட் ஆஸ்பத்திரின்னு போவாங்க அவ்ளோதான். மூணு மாசத்துக்கு முன்னாடியும் இதே மாதிரி அடிச்சிருக்கு, ஒரு பேட்டரி கடைல மீட்டர் எதுவும் வெச்சு பாக்காமலே பேட்டரி போச்சு சார்னு சொல்லி புதுசு மாட்டி விட்டிருக்காங்க. ரெண்டு தடவ முயற்சி பண்ணா ஸ்டார்ட் ஆயிரும்னு அப்பாவும் அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்லாம சமாளிச்சிட்டு இருந்திருக்காங்க, என்கிட்ட போன்ல கூட சொல்லல, எனக்கு அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டோம், ஒரு பையன் வந்தான், சாவிய ரெண்டு தடவ திருப்பி பாத்துட்டு பேட்டரி புதுசுதானே, அப்போ இஞ்சின சுத்தி விடுற செல்ஃப் மோட்டார்தான், அசெம்பிளியா முழுசா மாத்தணும், எட்டாயிரம் கிட்ட வரும், கட்டி இழுத்துட்டு போகணும்னு சொல்றான். பானெட்ட தொறந்துகூட பாக்கல. பாக்காம எப்படிப்பா சொல்ற, அப்பா பென்ஷன் காசு இதுன்னு கேட்டேன், இப்படித்தான் மேடம் வரும்னு சொல்லிட்டு போய்ட்டான்.

பக்கத்து வீட்டு மாமா ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் நம்பர் குடுத்தாங்க, லாரிக்கெல்லாம் ஒயரிங் பாக்கறவர், ஐம்பது வயசு இருக்கும். ஒரு மணி நேரத்துல டிவிஎஸ் எக்ஸெல்ல வந்து இறங்குனாரு. வந்ததும் அவரு கேட்ட முதல் கேள்வி, "தாயி, சாவிய திருப்பும்போது ஹெட்லைட் மங்குதா?" மங்கல, நல்லா பளிச்சுன்னே எரியுதுன்னு சொன்னேன். "அப்போ பேட்டரிய குத்தம் சொல்லாதீய" அப்படின்னாரு.

அதுக்கப்புறம் அவர் செஞ்சது எல்லாத்தையும் பக்கத்துல நின்னே பாத்தேன். வண்டிய நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, முதல்ல சும்மா நிக்கும்போது பேட்டரில மீட்டர் வெச்சாரு, 12.5 வோல்ட் காட்டுச்சு, நல்ல சார்ஜ்தான். அப்புறம் என்னை சாவிய திருப்ப சொல்லி அதே இடத்துல பாத்தாரு, 12க்கு கீழ போகவே இல்ல. செல்ஃப் மோட்டார் சுத்தணும்னா நூறு ஆம்பியருக்கு மேல கரண்ட் இழுக்கும், அப்படி இழுத்தா நல்ல பேட்டரிலயே வோல்ட் பத்து பதினொன்னு வரைக்கும் இறங்கத்தான் செய்யும், வீக் பேட்டரின்னா ஒன்பதரைக்கும் கீழ போய் லைட்டும் செத்துரும். இங்க இறங்கவே இல்லைன்னா கரண்டே போகல, நடுவுல எங்கயோ அடைச்சு நிக்குதுன்னு அர்த்தம்.

அடுத்து மீட்டர்ல ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்ன இஞ்சின் பிளாக்லயும் வெச்சு மறுபடி திருப்ப சொன்னாரு. எர்த்துன்னா கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பி வர்ற வழி, அது நல்லா இருந்தா அரை வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது, இதுல அஞ்சு ஆறுன்னு துள்ளுது! உடனே ஒரு ஜம்பர் கேபிள எடுத்து நெகட்டிவ்ல இருந்து நேரா இஞ்சின்ல கடிக்க வெச்சாரு, இப்ப அடிங்கன்னாரு, அடிச்சேன், ஒரே சுத்துல வண்டி ஸ்டார்ட். அம்மா வாசல்லயே கும்பிட்டுட்டாங்க.

கோளாறு இருந்தது பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல போற அந்த பின்னல் எர்த் ஒயர்லதான். கழட்டி காட்டுனாரு, போல்ட் பக்கம் பச்சை பச்சையா பூத்து, பின்னல்ல பாதி இழை விட்டுப்போச்சு, கைல தேச்சா பொடியா கொட்டுது. எங்க வீடு முத்தையாபுரம் பக்கம், சுத்தி உப்பளம், உப்புக்காத்து செம்பையும் இரும்பையும் சும்மா விடாது. அந்த டக்கு டக்கு சத்தம் சோலனாய்டோடது, செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட் விடுற காந்த சுவிட்ச் அது, உள்ள இழுத்ததும் மோட்டார் கரண்ட் கேக்கும், எர்த் குடுக்க முடியாம சோலனாய்டுக்கு வோல்ட் பத்தாம விட்டுரும், விட்டதும் மறுபடி இழுக்கும். வீக் பேட்டரிலயும் இதே சத்தம்தான் வரும், அதனாலதான் எல்லாரும் பேட்டரிய மாத்திர்றாங்க. கனடால மைனஸ் 20ல இந்த சத்தம் கேட்டா நானும் பேட்டரின்னுதான் நினைச்சிருப்பேன். சத்தமா ஒரே ஒரு டொக்குன்னு அடிச்சு நின்னாத்தான் செல்ஃப் மோட்டார உத்து பாக்கணும், கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும் இல்ல உள்ள காண்டாக்ட் கருகியிருக்கும், அதுக்கும் பிரஷ் மட்டும் மாத்துனாலே பல நேரம் சரியாயிரும்னாரு.

புது எர்த் ஒயர் போட்டு, போல்ட் இடத்த உப்புத்தாள் வெச்சு பளபளன்னு தேச்சு, பேட்டரி டெர்மினல்ல பூத்திருந்தத ஆப்ப சோடா கரைச்ச வெந்நீர் ஊத்தி கழுவி கிரீஸ் தடவுனாரு. கடைசில இஞ்சின் ஓடும்போது பேட்டரில 14.2 வருதான்னு பாத்து, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரும் சரிதான்னு உறுதி பண்ணிட்டுத்தான் பானெட்ட மூடுனாரு. ஒயர் 250, கூலி 300. நான் ஆயிரம் ரூபா நீட்டினேன், மீதிய எண்ணி குடுத்துட்டாரு, வெச்சுக்கங்கண்ணேன்னாலும் கேக்கல. டொராண்டோல என்ன கோளாறுன்னு பாக்குறதுக்கே நூறு டாலருக்கு மேல குடுத்திருக்கேன், இவ்ளோ பொறுமையா அங்க யாரும் எனக்கு விளக்குனதில்ல.

திருச்செந்தூர் மறுநாள் போய்ட்டு வந்தோம். கிளம்புறதுக்கு முன்னாடி அப்பாவுக்கு ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி குடுத்து எங்க வைக்கணும்னு காட்டிட்டு வந்தேன், வாரத்துக்கு ஒரு தடவ அரை மணி நேரமாவது வண்டிய ஓட்டணும்னும் சொல்லிருக்கேன். நேத்து வாட்ஸ்அப்ல 12.4ன்னு அனுப்பிருந்தாங்க, பத்து நாளா எடுக்கலயாம், இன்னைக்கு ஹார்பர் பீச் வரைக்கும் அம்மாவ கூட்டிட்டு போய்ட்டு வாங்கப்பான்னு சொல்லிருக்கேன்.